ஊட்டியில் எழுதிய விதி, தில்லிக்கு வந்த தரவரிசை

ஸ்நூக்கரைப் பற்றி இந்த மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ஏன் சார், சங்க இலக்கியத்திலேயே பந்தாட்டம் இருக்கே, அதை எழுதலாமே" என்றார். எழுதலாம்தான். அதற்குத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனால் விதிகள் நீலகிரியில் எழுதப்பட்ட ஓர் ஆட்டம், உலகத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படும் போட்டியாக இந்திய மண்ணில் முதன்முதலில் நடந்தது நாம் குடியிருக்கும் தில்லியில். ஊட்டியின் ஆண்டு 1882. தில்லியின் ஆண்டு 2013. நடுவில் 131 ஆண்டுகள். இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று, வந்தபிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்பதே என் நோக்கம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள மேஜை. அடியில் ஸ்லேட் கல், மேலே பச்சைப் பனாத்து, ஓரங்களில் ஆறு பைகள். பந்துகள் 22. அவற்றில் 15 சிவப்பு, ஆறு வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளை. க்யூ என்கிற கோலால் வெள்ளையை மட்டுமே தொடலாம். சிவப்பு ஒன்றைப் பையில் தள்ளினால் ஒரு புள்ளி, அதன் பிறகு ஒரு வண்ணப் பந்து, மறுபடி சிவப்பு. மஞ்சளுக்கு 2 என்று தொடங்கி பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு என ஏறி, கறுப்புக்கு 7. பதினைந்து சிவப்போடும் பதினைந்து முறை கறுப்பை எடுத்து, கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாக முடித்தால் 147. அதற்குமேல் எடுக்க முடியாது என்பதால் அந்த எண்ணுக்கு அவ்வளவு மரியாதை. மேஜையில் பந்துகளை அடுக்கியதிலிருந்து எல்லாம் முடியும்வரை ஒரு 'ஃப்ரேம்'.

இனி பிறப்புக்கு வருவோம். 1875ஆம் ஆண்டு ஜபல்பூர். ராணுவ அதிகாரிகளின் மெஸ். மழைக்காலம், வெளியே போக வழியில்லை. நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரிக்கு வயது 19. (ஹிட்லரோடு மியூனிக்கில் கையெழுத்திட்ட பிரதமர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் குழம்புகிறார்கள்.) அன்று மெஸ்ஸில் பந்தயம் கட்டி ஆடியவை 'பிரமிட்ஸ்', 'பிளாக் பூல்' போன்ற ஆட்டங்கள். பிரமிட்ஸில் 15 சிவப்புப் பந்துகள் முக்கோணமாக அடுக்கப்படும். பிளாக் பூலில் வண்ணப் பந்துகள் உண்டு. இரண்டையும் ஒரே மேஜையில் கலந்துவிட்டார் சேம்பர்லேன். நீலமும் பழுப்பும் பிறகு சேர்ந்தவை.

பெயர் வந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டுப் பயிற்சி மாணவனைக் கேலியாக 'ஸ்நூக்கர்' என்பார்களாம். நம் கல்லூரி விடுதிகளில் புதிதாக வந்தவனை 'ஜூனியர்' என்று இழுத்துச் சொல்வோமே, அந்தத் தொனி. ஜபல்பூரில் ஒரு சக அதிகாரி எளிதான பந்து ஒன்றைத் தவறவிட, சேம்பர்லேன் அவரை அந்தப் பெயரால் கேலி செய்ய, பிறகு அவர் மனம் நோகக்கூடாது என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தானே என்று சமாதானம் சொல்ல, பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது.

சேம்பர்லேன் ஆப்கன் போரில் காயமடைந்தார். பின்னர் 1881இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்த பிரடெரிக் ராபர்ட்ஸின் பணிக்குழுவில் சேர்ந்தார். சென்னை அரசாங்கமே கோடைக்கு உதகமண்டலம் ஏறிவிடும் காலம் அது. தளபதியோடு அவரும் ஏறினார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. 1882இல் விதிகளை எழுதி அந்த அறையில் மாட்டினார்கள். ஜபல்பூரில் வாய்மொழியாக இருந்தது ஊட்டியில் எழுத்தாயிற்று. ஓர் ஆட்டத்துக்கு எது பிறப்பு என்று என்னைக் கேட்டால் நான் ஊட்டியைத்தான் சொல்வேன். இது தமிழன் என்ற பாசத்தால் சொல்வதல்ல. எழுதி மாட்டிய விதி இருந்தால்தான் அறிமுகம் இல்லாத இரண்டு பேர் சண்டை போடாமல் ஆட முடியும்.

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை. முக்கிய ஆதாரம் சேம்பர்லேனே எழுதிய கடிதம்தான். வுல்விச்சில்தான் ஸ்நூக்கர் தோன்றியது என்று பேச்சு எழுந்தபோது, 1938இல் 'தி ஃபீல்டு' பத்திரிகைக்கு அவர் மறுப்பு எழுதினார். அப்போது அவருக்கு வயது 82. நடந்து 63 ஆண்டுகள் கழிந்த விஷயம். கிழவரின் நினைவை எவ்வளவு நம்பலாம்? ஆனால் அந்தக் காலத்தில் உடன் பணியாற்றிய மற்ற முதிய அதிகாரிகளும் அவர் சொன்னதை ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி இதை ஆராய்ந்து ஒரு பில்லியர்ட்ஸ் பத்திரிகையில் எழுதிய பிறகு, சேம்பர்லேன் கட்சிதான் நிலைத்தது. 1875 என்ற ஆண்டை முன்பின் ஒன்றிரண்டு ஆண்டு தள்ளிவைத்துக்கொள்ளலாம். ஜபல்பூர், ஊட்டி என்ற இரண்டு ஊர்களைத் தள்ளிவைக்க முடியாது என்பது என் துணிபு.

ஆட்டம் கப்பலேறிய கதையும் செவிவழியாகத்தான் வருகிறது. இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் 1885இல் கல்கத்தா வந்திருந்தபோது, கூச் பிஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டு அறிந்தார் என்கிறார்கள். ஊர் திரும்பிய ஆட்டம் அங்கும் உடனே கொடிகட்டிப் பறக்கவில்லை. பில்லியர்ட்ஸ்தான் பெரிய மனிதர்கள் ஆட்டம், ஸ்நூக்கர் பொழுதுபோக்கு. 1927இல் ஜோ டேவிஸ் முன்நின்று முதல் உலகத் தொழில்முறைப் போட்டியை நடத்தி, தானே வென்றார். பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். பதினைந்து முறை அவரே சாம்பியன்; 1946இல் தோற்காமலே அந்தப் போட்டியிலிருந்து ஒதுங்கினார். 1957க்குப் பின் சில ஆண்டுகள் போட்டியே நின்றுபோனது. அதை மீட்டது வண்ணத் தொலைக்காட்சி. 1969இல் பிபிசி 'பாட் பிளாக்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வண்ணத்தைக் காட்ட இதைவிட வசதியான ஆட்டம் வேறென்ன இருக்கிறது? 1985 உலக இறுதியாட்டத்தில் டென்னிஸ் டெய்லர் கடைசி ஃப்ரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை வென்றதை பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தார்கள்.

இந்தக் காலத்தில்தான் 'தரவரிசை' பிறந்தது. நம் கட்டுரைக்கு இதுதான் உயிர்நாடி. ஆட்டக்காரர்கள் பெருகியதும், யாரை யாரோடு மோதவிடுவது, யாரை நேராக முக்கியச் சுற்றுக்கு அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. 1976இல் ஒரு கணக்குப் போட்டார்கள். முந்தைய மூன்று உலகப் போட்டிகளை எடுத்துக்கொண்டு, சாம்பியனுக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 4, அரையிறுதிக்கு 3, காலிறுதிக்கு 2, அதற்கு முந்தைய சுற்றுக்கு 1. மூன்று முறையும் வென்ற ரே ரியர்டன் 15 புள்ளியோடு உலகின் முதலாவது 'நம்பர் ஒன்' ஆனார். பள்ளிக்கூடத்து ரேங்க் அட்டையைவிட எளிமையான கணக்கு! 1982 முதல் மற்றப் போட்டிகளையும் சேர்த்தார்கள். 2014 முதல் தனியாகப் புள்ளி என்பதே கிடையாது. இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் சம்பாதித்த பரிசுப் பணம்தான் புள்ளி. பவுண்டிலேயே கணக்கு. முதல் 64 பேருக்கு அடுத்த ஆண்டும் தொழில்முறைச் சுற்றில் இடம் உறுதி. முதல் 16 பேர் ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் நடக்கும் உலகப் போட்டிக்கு நேராகப் போவார்கள். மற்றவர்கள் தகுதிச் சுற்றில் வியர்வை சிந்த வேண்டும்.

ஆக, ஒரு போட்டியின் பெயருக்கு முன்னால் 'தரவரிசை' என்ற சொல் வந்துவிட்டால் அதில் வெல்லும் ஒவ்வொரு சுற்றும் ஆட்டக்காரரின் அடுத்த ஆண்டுப் பிழைப்பில் எழுதப்படுகிறது. அந்தச் சொல் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கோப்பையானாலும் அது கண்காட்சிதான். இந்தக் கணக்கேடு இருந்த இடம் பிரிட்டன். போட்டிகளும் நெடுநாள் பெரும்பாலும் அங்கேதான் நடந்தன.

இந்தியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? மேஜைகள் இருந்தது கண்டோன்மெண்ட் மெஸ்களிலும் ஜிம்கானாக்களிலும் கிளப்களிலும். அந்தக் கதவுகள் இந்தியர்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. அறைக்குள் நுழைந்த இந்தியர் என்றால் அது அனேகமாக 'மார்க்கர்'. புள்ளிக் கணக்குச் சொல்பவர், பந்து அடுக்குபவர், பனாத்தைத் துடைப்பவர், துரைக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரில் நின்று ஆடுபவர். இந்த மார்க்கர்கள் பலர் நல்ல ஆட்டக்காரர்கள் என்பது கிளப் வட்டாரங்களில் எல்லோரும் சொல்வது. அவர்களைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்து எழுதினால் நல்ல நூல் கிடைக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்கள் முதலில் பில்லியர்ட்ஸில்தான் பெயர் எடுத்தார்கள். 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஆனார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மைக்கேல் ஃபெரைராவும் கீத் சேத்தியும் அந்த வழியில் வந்தவர்கள். ஸ்நூக்கரில் ஓம் அகர்வால் 1984இல் டப்ளினில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். பெங்களூரில் வளர்ந்த பங்கஜ் அத்வானி 2003இல் சீனாவில் அதே பட்டத்தைப் பெற்றபோது வயது 18. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இவற்றில் எதுவும் அந்த பிரிட்டிஷ் கணக்கேட்டில் ஏறாது. அமெச்சூர் சம்மேளனம் வேறு, தொழில்முறைச் சுற்று வேறு. நம் செய்தித்தாள்கள் 'உலக சாம்பியன்' என்று இரண்டுக்கும் ஒரே தலைப்புக் கொடுத்துவிடுவதால் வாசகர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

2010இல் பாரி ஹெர்ன் தொழில்முறை ஸ்நூக்கரின் நிர்வாகத்தைக் கையிலெடுத்ததும் போட்டிகளின் எண்ணிக்கை பெருகியது, வெளிநாடுகளுக்கும் போனது. அந்த அலையில்தான் 2013 அக்டோபரில் 'இந்திய ஓப்பன்' புதுதில்லிக்கு வந்தது. இந்தியாவின் முதல் தரவரிசைப் போட்டி. முதல் பரிசு 50,000 பவுண்டு. இறுதிக்கு முன்புவரை ஏழு ஃப்ரேம்களில் நான்கு எடுத்தவர் வெற்றி. இறுதியில் ஒன்பதில் ஐந்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய ஓப்பனின் தகுதிச் சுற்று நடந்தது இங்கிலாந்தில்! தொழில்முறைச் சுற்றில் இருந்த இந்தியர் தில்லியில் ஆடவேண்டுமானால் முதலில் இங்கிலாந்து போய் ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டு வரவேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் இருப்பவர்கள். அத்தனை பேரையும் அழைத்துவந்து, பாதிப் பேரை முதல் நாளே திருப்பி அனுப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. உள்ளூர்க்காரர் சிலருக்கு 'வைல்ட் கார்டு' கொடுத்தார்கள். விருந்து நம் வீட்டில், பந்திக்கு டோக்கன் மட்டும் அடுத்த ஊரில் என்கிற மாதிரி.

அந்த முதல் போட்டியில்தான் எதிர்பாராதது நடந்தது. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா, வயது 27, ஒவ்வொரு சுற்றாக ஏறி வந்தார். அந்த ஆண்டுதான் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் ஸ்நூக்கர் தங்கம் வாங்கியிருந்தார். அரையிறுதியில் எதிரில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மக்வைர். மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, கடைசி ஃப்ரேமில் மேத்தா வென்றார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்தியர்! அது சொந்த நாட்டின் தலைநகரில் நடந்தது என்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். நம் தில்லிவாசிகளில் எத்தனை பேருக்கு அன்று இது தெரிந்திருந்தது என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த வாரம் ஆஸ்திரேலியாவோடு ஒருநாள் கிரிக்கெட் தொடர் வேறு நடந்துகொண்டிருந்தது.

இறுதியில் மேத்தாவுக்கு எதிரே நின்றவர் சீனாவின் டிங் ஜுன்ஹுய். ஐந்துக்குப் பூஜ்யம். ஒரு ஃப்ரேம்கூடக் கிடைக்கவில்லை. டிங் அப்போது உச்சத்தில் இருந்தார். செப்டம்பரில் ஷாங்காய், அக்டோபரில் தில்லி, அடுத்து செங்டு என்று மூன்று தரவரிசைப் பட்டங்களை அடுத்தடுத்து வென்றார். அந்த ஒரே பருவத்தில் ஐந்து பட்டங்கள் வென்று ஸ்டீபன் ஹென்ட்ரியின் சாதனையைச் சமன் செய்தார். அப்படிப்பட்டவரிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செங்டுவில் முதல் பரிசு 1,25,000 பவுண்டு என்பதைக் கவனியுங்கள். தில்லியைப்போல் இரண்டரை மடங்கு. பணமே புள்ளியாகப் போகிற காலத்தில், எந்த நாட்டுக்கு எவ்வளவு கனம் என்பது அந்த இரண்டு தொகைகளிலேயே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு போட்டி ஊர் ஊராகப் போனது. 2015 மார்ச்சில் மும்பை. வேல்ஸின் மைக்கேல் வைட் ரிக்கி வால்டனை 5-0 என்று வென்று தம் முதல் தரவரிசைப் பட்டத்தைப் பெற்றார். 2016 ஜூலையில் ஐதராபாத். ஆண்டனி மக்கில் கைரன் வில்சனை வென்றார், அவருக்கும் அதுதான் முதல் பட்டம். 2017 செப்டம்பரில் விசாகப்பட்டினம். மக்கில் மறுபடி இறுதிக்கு வந்தார், ஆனால் ஜான் ஹிக்கின்ஸிடம் 5-1 என்று தோற்றார். 2019இல் கொச்சி, பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் 3இல் முடிந்தது. மேத்யூ செல்ட் சீனாவின் லியு ஹாவ்டியனை 5-3 என்று வென்றார். செல்ட்டுக்கும் முதல் பட்டம். ஐந்தில் மூன்று பேர் தங்கள் முதல் பட்டத்தை இந்தியாவில் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். இந்த மண் அவர்களுக்கு ராசியானதுதான்.

ஐந்து முறை, ஐந்து ஊர். ஜபல்பூருக்கும் வரவில்லை, ஊட்டிக்கும் வரவில்லை. ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் ஒவ்வொரு முறையும் 'ஆட்டம் தாய்வீடு திரும்புகிறது' என்கிற பாணியில் எழுதினார்கள். தாய்வீடு என்றால் வருகிறவள் நாலு நாள் தங்கவேண்டாமா? பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல் கூடத்தில் மேஜை போட்டு, ஐந்து நாளில் ஆடி முடித்து, மேஜையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு வேறு ஊர், அல்லது ஒன்றுமே இல்லை. 2014லும் 2018லும் நடக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டாம் முறை நடக்காத போட்டிக்கு அந்த ஊர்ப் பையன்கள் எப்படித் தயாராவார்கள்? கொச்சிக்குப் பிறகு வந்த 2019-20 பருவத்தின் அட்டவணையில் இந்திய ஓப்பன் இல்லை. அதையடுத்து கோவிட் வந்து உலகத்தையே மாற்றிவிட்டது.

சீனாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 2005இல் பெய்ஜிங்கில் சீனா ஓப்பனை 18 வயது டிங் வென்றார், அதுவும் ஹென்ட்ரியைத் தோற்கடித்து. அந்த வெற்றியை அவர்கள் வீணாக்கவில்லை. பயிற்சிக் கூடங்கள், தொலைக்காட்சி, ஆண்டுதோறும் தவறாத போட்டிகள், பெரிய பரிசுகள் என்று தொடர்ந்தார்கள். 2025இல் ஷாவ் சிந்தோங் க்ரூசிபிளில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று ஆசியாவின் முதல் உலகத் தொழில்முறைச் சாம்பியன் ஆனார். சேம்பர்லேன் கணக்குப்படி பார்த்தால் ஜபல்பூர் ஆட்டத்துக்கு அது 150ஆவது ஆண்டு. மேத்தாவின் 2013 நம் கையில் இருந்தது. நாம் அதை என்ன செய்தோம் என்று சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

தனிமனிதர்களைக் குறை சொல்ல மாட்டேன். அத்வானி 2012இல் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்தார். 2013 வேல்ஸ் ஓப்பனில் ஷான் மர்ஃபி, கிரீம் டாட் என்ற இரண்டு முன்னாள் உலக சாம்பியன்களை வென்று காலிறுதிக்குப் போனார். ஆனாலும் 2014இல் சுற்றிலிருந்து விலகி ஊருக்கே வந்துவிட்டார். அவர் நல்ல ஆட்டக்காரர் அல்லர் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் தோஹாவில் அமெச்சூர் சம்மேளனத்தின் 28ஆவது உலகப் பட்டத்தைப் பெற்றவர். பிரிட்டனில் வாடகைக்கு வீடு பிடித்து, குளிரில் தனியாக இருந்து, வாரத்துக்கொரு ஊர் போய், பாதிச் செலவுகூடத் திரும்பாத முதல் சுற்றுகளை ஆடுவது எல்லோராலும் ஆகாது. வேலைக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேத்தா அந்த வாழ்க்கையைக் கூடுதல் காலம் தாங்கினார். 2014 ஆகஸ்டில் ஜெர்மனியில் 147 எடுத்தார். தொழில்முறைப் போட்டியில் அதைச் செய்த முதல் இந்தியர். பின்னர் கழுத்துக் காயம் அவரை நிறுத்திவிட்டது.

அவர்களுக்குப் பின் மும்பையிலிருந்து இஷ்பிரீத் சிங் சட்டா 2023இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போனார். 2024 செப்டம்பரில் இங்கிலீஷ் ஓப்பன் என்ற தரவரிசைப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார். அது நடந்தது இங்கிலாந்தின் பிரென்ட்வுட்டில்.